பப்பாளி இலை மாத்திரையில் ஆய்வேடு: எல்லையோரத்தில் தொடங்குபவர்களுக்கு

டெங்குவில் பிளேட்லெட் (இரத்தத் தட்டணு) இறங்கினால் பப்பாளி இலைச் சாறு கொடு என்று, கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் காய் விற்பவர்கூடச் சொல்வார். "இதையே ஆய்வேடாக எடுத்தால் என்ன, சுலபமாக முடிந்துவிடும்" என்று நினைத்துத்தான் எம்.டி. பார்மகாலஜி (மருந்தியல்) முதலாம் ஆண்டில் இறங்கினேன். முடிந்தது, ஆனால் சுலபமாக இல்லை. ஒரு மழைக்காலம் முழுதாகக் கைவிட்டுப் போனது, ஆய்வுக்கு அனுமதி தரும் எதிக்ஸ் கமிட்டி (நெறிமுறைக் குழு) என் கோப்பை இரண்டு முறை திருப்பி அனுப்பியது. பாலக்காட்டுப் பக்கம் தமிழ் பேசும் நோயாளிகளை வைத்து இதே போன்ற ஆய்வு செய்ய நினைக்கும் மருத்துவ, ஆயுர்வேத, பார்மசி மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வீட்டில் டெங்குக் காய்ச்சல்காரரை வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இது சிகிச்சைக் குறிப்பு இல்லை. வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், அசந்துபோய்க் கிடப்பது, இதில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

1. முதலில் இந்த ஒரு உண்மையோடு மல்லுக்கட்டுங்கள்

பிளேட்லெட்டின் இயல்பான அளவு ஒரு மைக்ரோலிட்டருக்கு 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை. டெங்குவில் காய்ச்சல் தொடங்கி மூன்று நான்கு நாளில் அது இறங்கும். காய்ச்சல் விடும் நேரத்தில் அடிமட்டத்துக்குப் போகும், பெரும்பாலானவர்களுக்கு ஏழு எட்டாம் நாள் வாக்கில் தானாகவே ஏறிவிடும். ஐந்தாம் நாள் சேர்ந்தவருக்கு நீங்கள் பப்பாளி கொடுத்தாலும் ஏறும், பச்சைத் தண்ணீர் கொடுத்தாலும் ஏறும்.

அதனால் "இருபது பேருக்குக் கொடுத்தோம், இருபது பேருக்கும் ஏறியது" என்பது ஆய்வே ஆகாது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு வேண்டும். இரண்டு குழுவும் காய்ச்சலின் ஏறக்குறைய ஒரே நாளில் சேர்ந்திருக்க வேண்டும். என் முதல் திட்டத்தில் "சேர்க்கை நாள்" என்பதை நாள் 1 என்று எழுதியிருந்தேன். கமிட்டியில் இருந்த ஒரு மூத்த மருத்துவர், "மூணாம் நாள் வர்றவரும் ஆறாம் நாள் வர்றவரும் உங்களுக்கு ஒண்ணாம்மா?" என்று கேட்டார். பதில் இல்லை. காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து எண்ணுங்கள்.

முன்னால் நடந்தவற்றில் இரண்டையாவது வரிக்கு வரி படித்துவிட்டு வாருங்கள். 2013இல் வெளிவந்த மலேசிய ஆய்வில் 228 பேர் இருந்தார்கள். 50 கிராம் பச்சை இலையின் சாற்றை நாளுக்கு ஒரு வேளை என மூன்று நாள் கொடுத்தார்கள், ஆனால் யாருக்கு மருந்து என்பது எல்லோருக்கும் தெரியும். இந்தியாவில் பல மையங்களில் 300 பேரிடம் நடந்த ஆய்வில் 1,100 மில்லிகிராம் மாத்திரை, நாளுக்கு மூன்று வேளை, ஐந்து நாள், பிளாசிபோவோடு (மருந்தில்லாத போலி மாத்திரையோடு) ஒப்பிட்டு. இரண்டுமே பிளேட்லெட் வேகமாக ஏறியதாகச் சொல்கின்றன. எண்ணிக்கை ஏறியதால் நோயாளிக்கு என்ன நன்மை, இரத்தக்கசிவு குறைந்ததா, பிளேட்லெட் ஏற்றும் தேவை குறைந்ததா? உங்கள் ஆய்வுக்கு வேலை இருப்பது இந்த இடத்தில்தான். எண்ணிக்கையோடு இதையும், ஹீமட்டோகிரிட்டையும் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), படுக்கையில் இருந்த நாட்களையும் குறிக்கத் திட்டமிடுங்கள்.

2. மருந்து எந்தச் சாதி என்று பாருங்கள்

மாத்திரைப் பட்டையைத் திருப்பி, உரிம எண்ணைப் படியுங்கள். அதை வைத்துத்தான் உங்கள் பாதை முடிவாகும்.

ஆயுர்வேத உரிமத்தில் தயாராகும் மாத்திரை என்றால் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்து மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி டெல்லியிலிருந்து அனுமதி வாங்க வேண்டியதில்லை. எதிக்ஸ் கமிட்டியும், மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவும் போதும். ஆனால் ஆங்கில மருத்துவம் படித்தவர் இந்த மருந்தில் ஆய்வு செய்தால் ஆயுஷ் மருத்துவர் ஒருவர் இணை ஆய்வாளராக இருக்க வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டுதல் எதிர்பார்க்கிறது. எனக்கு இது தெரியாது. கோப்பு முதல் முறை திரும்பியது இதற்காகத்தான்.

பைட்டோஃபார்மசூட்டிக்கல் என்ற வகை வேறு. 2015 நவம்பரில் வந்த அரசாணை அதை வரையறுக்கிறது. சுத்திகரித்த சாறாக இருக்க வேண்டும், குறைந்தது நான்கு வேதிப்பொருளை அளந்து காட்ட வேண்டும். அது புதிய மருந்தாகவே நடத்தப்படும், டெல்லியில் உள்ள மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் (சி.டி.எஸ்.சி.ஓ.) அனுமதி கட்டாயம். ஒரு முதுநிலை மாணவரின் மூன்று வருடத்துக்குள் இது அடங்காது, தொடாதீர்கள்.

உணவுத் துணைப்பொருள் என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணோடு விற்பதையும் தவிருங்கள். நோயைத் தீர்க்கும் என்று சொல்லும் உரிமையே அதற்குக் கிடையாது.

"எங்கள் தோட்டத்து இலையையே பிழிந்து கொடுக்கிறேனே" என்ற ஆசை எனக்கும் இருந்தது. மரத்தின் வயது, ஆண் மரமா பெண் மரமா, வெயில் காலமா மழையா என்பதற்கேற்ப இலையின் சரக்கு மாறும். இன்று கொடுத்த அளவுதான் நாளையும் கொடுத்தேன் என்று நிரூபிக்க முடியாது. இலையிலிருந்தே தொடங்கித்தான் ஆக வேண்டும் என்கிற பார்மசி மாணவர்கள், இலை, பூ, காய் மூன்றையும் எடுத்துக்கொண்டு கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்துக்குப் போங்கள். மாதிரி எண்ணோடு சான்று தருவார்கள். வெறும் இலையைக் கவரில் போட்டுக்கொண்டு போய் நிற்காதீர்கள்.

தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்க வேண்டியது ஆய்வுச் சான்று, அதாவது மாத்திரையை லேபில் சோதித்ததற்கான சான்று. வெறும் "தரமானது" என்ற கடிதம் உதவாது. அந்த பேட்ச் எண்ணுக்கே உரிய சான்றாக இருக்க வேண்டும். இலையில் இருக்கும் கார்ப்பைன் என்ற வேதிப்பொருளின் அளவு, வேதிப்பொருட்களைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.டி.எல்.சி. படம், நுண்ணுயிர் எண்ணிக்கை, பூச்சிக்கொல்லி எச்சம், அப்புறம் கன உலோகங்கள். ஆயுர்வேத மருந்தியல் நூல் தரும் வரம்பு: ஈயம் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 10 பங்கு), ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3.

3. எத்தனை பேர், யார் யார்

எண்ணிக்கையை ஊகத்தில் எழுதாதீர்கள். எத்தனை பேர் தேவை என்று கணக்கிடும் மென்பொருளான வேலூர் சி.எம்.சி.யின் என்மாஸ்டர் உங்கள் கல்லூரியில் இருக்கலாம். இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் ஓபன் எபி போதும். எங்கள் பழைய கேஸ் ஷீட்டுகளைப் பார்த்ததில் ஐந்தாம் நாள் எண்ணிக்கையின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து சிதறும் அளவு) 35,000 வாக்கில் இருந்தது. இரு குழுவுக்கும் 20,000 வித்தியாசம் இருந்தால்தான் பொருட்படுத்துவோம் என்று வைத்தோம். 80 சதவீதப் பவருக்கு (வித்தியாசம் உண்மையில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) குழுவுக்கு 49 பேர் வந்தது. இடையில் நின்றுவிடுவோருக்காக ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 60 ஆக்கினோம். மொத்தம் 120.

சேர்ப்பதற்கு 18 வயது நிரம்பியவர், டெங்குவுக்கான என்.எஸ்.1 அல்லது ஐ.ஜி.எம். இரத்தப் பரிசோதனையில் உறுதியானவர், பிளேட்லெட் 30,000 முதல் 1 லட்சத்துக்குள் உள்ளவர் என்று வைத்தோம். என்.எஸ்.1 முதல் ஐந்து நாளில்தான் நன்றாகக் காட்டும், ஐ.ஜி.எம். அதற்குப் பிறகுதான் தெரியும் என்பதால் எந்தெந்த நாளில் எந்தப் பரிசோதனை என்று திட்டத்திலேயே எழுதுங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், தீவிர டெங்கு, இரத்தக்கசிவு, ஏற்கெனவே பிளேட்லெட் ஏற்றியவர், ஆஸ்பிரின் அல்லது இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர், வேறு இரத்த நோய் உள்ளவர் எல்லோரும் வெளியே. திரவச் சிகிச்சையும் கண்காணிப்பும் இரண்டு குழுவுக்கும் ஒன்றாக நடக்க வேண்டும். மருந்து அதன் மேல்தான், அதற்குப் பதிலாக இல்லை.

4. எதிக்ஸ் கமிட்டிக்கு எடுத்துப்போக வேண்டிய கட்டு

ஆய்வுத் திட்டம், நோயாளி தகவல் தாள், ஒப்புதல் படிவம், விவரப் பதிவுத் தாள், ஆய்வாளர்களின் தன்விவரம், ஜி.சி.பி. (நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறை) பயிற்சிச் சான்று, மருந்து உரிம நகல், ஆய்வுச் சான்று, இணை ஆய்வாளர் சம்மதக் கடிதம், பொது மருத்துவம் மற்றும் பேத்தாலஜி துறைத் தலைவர்களின் கடிதம், செலவுக் கணக்கு, காப்பீட்டு ஆவணம். ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் (என்.ஐ.இ.) நடத்தும் பி.சி.பி.ஆர். என்ற ஆய்வு அடிப்படைப் படிப்பு மருத்துவ முதுநிலை மாணவருக்கு எப்படியும் கட்டாயம். அதைத் தள்ளிப்போடாமல் முதல் ஆண்டிலேயே முடித்துவிடுங்கள்.

இதில் என்னை அதிகம் படுத்தியது ஒப்புதல் படிவம். எங்கள் கல்லூரியில் வழக்கம் ஆங்கிலமும் மலையாளமும்தான். ஆனால் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கமிருந்து வருபவர்களில் பாதிக்கு மேல் தமிழ்தான் படிப்பார்கள், அல்லது தமிழில் வாசித்துக் காட்டினால்தான் பிடிபடும். மலையாளத்தில் கையெழுத்து வாங்குவது அவர்களுக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல. மூன்று மொழியிலும் தயாரித்து, தமிழையும் மலையாளத்தையும் வேறொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றி, இரண்டு மொழிபெயர்ப்பாளரிடமும் சான்று வாங்க வேண்டும். என் கோப்பு இரண்டாம் முறை திரும்பியது இந்தச் சான்று இல்லாததால்.

மொழிபெயர்ப்பை அகராதியை வைத்துக்கொண்டு செய்யாதீர்கள். "சீரற்ற ஒதுக்கீடு" என்று எழுதியிருந்தேன். வார்டில் ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன், "என்னைய ஏன் ஒதுக்கறீங்க?" என்றார். பிறகு "நாணயம் சுண்டிப் பார்ப்பதுபோல, யாருக்கு எது என்று முன்கூட்டித் தெரியாதபடி பிரிப்போம்" என்று மாற்றினேன். பப்பாளிக்கே மலையாளத்தில் ஊருக்கொரு பெயர். ஒருவருக்கு ஓமக்காய், இன்னொருவருக்குக் கப்பளங்கா. இரண்டையும் போடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரானால் ஆய்வில் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருந்து கையெழுத்திட வேண்டும், கைநாட்டு மட்டும் போதாது.

கமிட்டி மாதாமாதம் கூடும் என்று நம்பி இருக்காதீர்கள். எங்கள் கல்லூரியில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான், அதற்கும் முன்பே கோப்பு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு முறை திரும்பினால் இரண்டு மாதம் போச்சு.

5. சி.டி.ஆர்.ஐ. பதிவு

கட்டணம் கிடையாது. பணம் கேட்டு "பதிவு செய்து தருகிறேன்" என்பவரை நம்பாதீர்கள். 2018 ஏப்ரல் 1 முதல் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பு பதிவு செய்தால்தான் ஏற்பார்கள், பின்தேதியில் நடக்காது. ஒரு நோயாளியை ஆர்வத்தில் முன்னால் சேர்த்துவிட்டால் மொத்த ஆய்வும் பதிவில்லாமல் போகும், பிறகு நல்ல இதழ் எதுவும் தொடாது.

எதிக்ஸ் கமிட்டி அனுமதிக் கடிதத்தை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். கடிதத்தில் உள்ள ஆய்வுத் தலைப்பும் நீங்கள் தளத்தில் தட்டும் தலைப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். எனக்கு ஒரு "மற்றும்" விட்டுப்போய்த் திரும்பி வந்தது. தரவைப் பகிர்வீர்களா என்ற கேள்விக்கு வெறுமனே விட்டுவிடக் கூடாது, "இல்லை" என்றாவது பதில் வேண்டும். கேள்விகள் மின்னஞ்சலில் வரும், குப்பைப் பெட்டியையும் பாருங்கள். எண் கைக்கு வந்து, அதை அச்சிட்டுக் கோப்பின் முதல் பக்கத்தில் வைத்த பிறகுதான் வார்டுக்குப் போக வேண்டும்.

6. கண்கட்டு

யாருக்கு மருந்து, யாருக்குப் பிளாசிபோ என்று நோயாளிக்கும் நமக்கும் தெரியாமல் மறைப்பதுதான் கண்கட்டு. பிளாசிபோ மாத்திரை அதே அளவு, அதே நிறம், அதே பூச்சு. தயாரிப்பாளரே தந்தால் நல்லது, இல்லாவிட்டால் பார்மசி கல்லூரியில் நுண்படிகச் செல்லுலோஸ் வைத்து அழுத்தி வாங்கலாம். கடித்துப் பார்த்தால் பப்பாளி இலையின் கசப்பு காட்டிக்கொடுக்கும் என்பதால் முழுதாக விழுங்கச் சொல்லுங்கள்.

டப்பாக்களுக்கு அ, ஆ என்று இரண்டே பெயர் வைக்காதீர்கள். ஒரு நர்ஸுக்கு ஒரு டப்பாவில் சந்தேகம் தட்டினால் 120 பேரின் இரகசியமும் போய்விடும். ஒவ்வொரு நோயாளிக்கும் தனி எண். பட்டியலை ஆய்வில் இல்லாத ஒருவர் கணினியில் தயாரித்து, ஒளி ஊடுருவாத உறையில் ஒட்டி வைக்கட்டும். அவசரத்துக்குத் திறக்க ஒரு செட் உறை கேஷுவாலிட்டியில் பூட்டி இருக்க வேண்டும். ஞாயிறு இரவு இரண்டு மணிக்குச் சாவி யாரிடம் என்பதையும் எழுதி ஒட்டுங்கள்.

7. வார்டில் காத்திருக்கும் குழிகள்

முதலாவது, இரத்தம் எடுக்கும் குழாய். பிளேட்லெட்டுக்கு ஊதா மூடிக் குழாயில்தான் எடுப்போம். அதிலிருக்கும் ஈ.டி.டி.ஏ. சிலருடைய இரத்தத்தில் பிளேட்லெட்டுகளைக் கொத்துக் கொத்தாக ஒட்ட வைத்துவிடும், இயந்திரம் அவற்றை எண்ணாமல் விட்டுவிடும். வெளி லேபில் 18,000 என்று சீட்டோடு ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். எங்களிடம் ஸ்லைடு போட்டுப் பார்த்தால் ஓரமெல்லாம் கொத்து. நீல மூடி சிட்ரேட் குழாயில் எடுத்து, 1.1ஆல் பெருக்கியபோது லட்சத்துக்கு மேல் வந்தது. அதற்குள் வீட்டில் ஒரு வேளை சாறு கொடுத்திருந்தார்கள். "ஒரு நாள்ல ஏறிடுச்சுங்க" என்று வார்டு முழுக்கப் பரவிவிட்டது. அதனால் ஒரே லேப், ஒரே இயந்திரம், தினமும் ஒரே நேரம், 50,000க்குக் கீழே வந்தால் கண்ணால் ஸ்லைடு பார்ப்பது என்று எழுதி வையுங்கள்.

இரண்டாவது குழியை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஒரு நாள் காலை ரவுண்ட்ஸில், எங்கள் ஆய்வில் இருந்த ஒரு பையனின் கட்டிலுக்கு அடியில் ஒரு எவர்சில்வர் கூஜா. மூடியைத் திறந்தால் பச்சை நுரை, கசப்பு மணம் மூக்கில் ஏறியது. பக்கத்தில் பையனின் பாட்டி.

"என்னங்க அம்மிச்சி இது?"

"பப்பாளித் தழைய இடிச்சுப் புழிஞ்சதுங்க டாக்டரம்மா. நீங்க குடுக்கறதும் அதானுங்களாமே? கூடக் கொஞ்சம் குடிச்சா சீக்கிரம் ஏறுமில்லீங்களா?"

தகவல் தாளில் இலையின் பெயரைப் படித்துக் காட்டியது நான்தான். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாரா? கடைசியில் உறைகளைத் திறந்தபோது பையன் பிளாசிபோ குழு என்று தெரிந்தது. எத்தனை பேர் இப்படிக் குடித்தார்களோ என்று அன்றிலிருந்து தினமும் கேட்டுக் குறிக்கத் தொடங்கினோம். பப்பாளி இலை, நிலவேம்புக் கசாயம், கிவி, டிராகன் பழம் எல்லாவற்றுக்கும் தாளில் தனித்தனிக் கட்டம். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் நிலவேம்பு குடிக்காமல் வருவதே அபூர்வம். திட்டாமல் கேளுங்கள், திட்டினால் கூஜா வேறிடத்துக்கு மாறுமே தவிர நிற்காது.

மூன்றாவது, ஆள் நழுவுவது. மூன்றாம் நாள் எண்ணிக்கை இறங்கினால் சொந்தக்காரர்கள் வண்டி பிடித்து வாளையார் தாண்டிக் கோவைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அவர்களைக் கணக்கிலிருந்து நீக்கினால் மருந்து வேலை செய்யாதவர்களையெல்லாம் நீக்கியதாக ஆகிவிடும். இரண்டு கைபேசி எண் வாங்கி, அங்கே எடுத்த ரிப்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒதுக்கிய குழுவிலேயே வைத்துக் கணக்கிடுங்கள்.

யாருக்காவது உயிருக்கு ஆபத்தான பாதிப்போ மரணமோ நேர்ந்தால், மருந்தால்தானா என்று யோசித்துக்கொண்டிருக்காமல் 24 மணி நேரத்துக்குள் கமிட்டிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். குமட்டல், வாந்தி, தோல் தடிப்பு போன்றவற்றைத் தினசரிப் பதிவுத் தாளில் குறித்தால் போதும்.

8. செலவு

மாத்திரை ஒருவருக்கு 15. குழுவுக்கு 60 பேர் என்றால் 900, உடைவதற்கும் தொலைவதற்கும் பத்துச் சதவீதம் சேர்த்து 990. பிளாசிபோவும் அவ்வளவே.

பணம் கரைவது லேபில். ஒருவருக்கு ஆறு முறை சி.பி.சி. (முழு இரத்த எண்ணிக்கை) என்றால் 120 பேருக்கு 720. ஒன்றுக்கு 150 ரூபாய் என்று வைத்தாலும் 1,08,000 ரூபாய். இதில் சிகிச்சைக்காக எப்படியும் எடுப்பதை மருத்துவமனைக் கணக்கிலும், ஆய்வுக்காக மட்டும் எடுப்பதை உங்கள் கணக்கிலும் காட்டுங்கள். ஆய்வுக்கான பரிசோதனைக்கு நோயாளியிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது, கமிட்டி முதலில் பார்ப்பதே இதைத்தான். வீட்டுக்குப் போனவர் கடைசி இரத்தப் பரிசோதனைக்குத் திரும்பி வர பஸ் காசு, கூட வருபவருக்கும் சேர்த்து. இதை நான் கணக்கில் வைக்காமல் கைக்காசு போட்டேன். முதுநிலை ஆய்வேட்டுக்கு ஐ.சி.எம்.ஆர். நிதியுதவி உண்டு. விண்ணப்பிக்கும் காலத்தை இப்போதே பார்த்து வையுங்கள், நான் தேதி போன பிறகுதான் பார்த்தேன்.

9. நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

கேரளத்தில் ஜூன் முதல் வாரம் மழை பிடித்ததும் டெங்கு ஏறும். தமிழ்நாட்டுப் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழைக்குத்தான் கூடும். எல்லையில் இருப்பதில் ஒரு சௌகரியம், இரண்டு பருவத்துக்கும் நோயாளி வருவார்கள். ஆனால் கேரளப் பருவத்தைப் பிடிக்க வேண்டுமானால் மே மாதம் முடிவதற்குள் சி.டி.ஆர்.ஐ. எண், மாத்திரை, உறை எல்லாம் கையில் இருக்க வேண்டும். அதற்கு மார்ச்சில் கமிட்டி அனுமதி, ஜனவரியில் முதல் சமர்ப்பிப்பு, நவம்பரில் மொழிபெயர்ப்பு. நான் பிப்ரவரியில் திட்டம் எழுதத் தொடங்கினேன். எண் வந்தபோது ஆகஸ்ட் கடைசி. வார்டு காலியாக இருந்தது.

மாத்திரையின் காலாவதித் தேதியையும் இந்தக் கணக்கோடு ஒட்டிப் பாருங்கள். இரண்டாம் பருவம் வரை ஆய்வு நீண்டால் கடைசி நோயாளிக்குக் கொடுக்கும் நாளிலும் அது செல்ல வேண்டும். இடையில் புது பேட்ச் வாங்கினால் புது ஆய்வுச் சான்று, கமிட்டிக்குப் புதுக் கடிதம்.

10. முடிந்த பிறகு

சி.டி.ஆர்.ஐ. பக்கத்தில் நிலையை "முடிந்தது" என்று மாற்றுங்கள். கமிட்டிக்கு இறுதி அறிக்கை கொடுங்கள். ஒப்புதல் படிவங்களையும் பதிவுத் தாள்களையும் குறைந்தது மூன்று ஆண்டு பத்திரமாக வைக்க வேண்டும், ஐந்து என்று வைத்துக்கொண்டால் வம்பில்லை. எங்கள் துறையில் அட்டைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டார்கள். அடுத்த இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு ஓடு ஒழுகி, மூலையில் இருந்த பதினோரு படிவங்களில் மை கரைந்துபோனது. நல்லவேளை, ஸ்கேன் எடுத்து வைத்திருந்தேன். இரும்பு பீரோவின் மேல் தட்டைக் கேட்டு வாங்குங்கள்.